லாரி சாயவில்லை என்று முடிவான விதம்

என் லாரி இடப்பக்கம் சாய்ந்து நின்றது. காரணம் இதுதான்: பின்சக்கரங்களுக்கு மேலே வண்டியைத் தாங்குகிற கமான் பட்டைகளில் வலப்பக்கத்துக் கட்டு புதிது, இடப்பக்கத்துக் கட்டு பழையது. புதியது விறைத்துக்கொண்டு நின்றது, பழையது தளர்ந்து உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். இதையே ஆபீஸ்காரர்கள் வாயிலிருந்து வரவழைக்க ஒரு கோடை முழுக்க அலைந்தேன். வரவில்லை. வேறொன்று வந்தது.

எனக்கு ஆபீஸ்காரர்களைக் கண்டால் ஆகாது. சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருப்பவனை நான் நம்புவதில்லை. ஒன்று எழுத, இன்னொன்று அடித்துவிட. நான் பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட அதன் மதில்மேல் இருந்த நேரம் அதிகம். அதனால் பொறாமையில் பேசுகிறான் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பட்டைகள் ஜோடி தப்பிப்போனதே அவர்களால்தான். போன வருஷம் தகுதிச் சோதனைக்குப் போனபோது, வலப்பக்கத்துக் கட்டில் ஒரு பட்டை விரிசல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தக் கட்டை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். விரிசல் இருந்தது உண்மை, அதை மறுக்கவில்லை. கமான் பட்டறை வைத்திருப்பவன் என் மச்சினன், என் வீட்டுக்காரியின் தம்பி. அவன் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"மச்சான், ஒரு பக்கம் மட்டும் மாத்தாதீங்க. ரெண்டையும் சேத்து மாத்துங்க. இந்தப் பக்கத்துப் பழசு மூட்டை சுமந்து சுமந்து சோந்து கிடக்கு. பக்கத்துல புதுசைப் போட்டா, கிழவனும் வயசுப்பையனும் சேந்து பீரோ தூக்கின மாதிரி ஆயிடும்."

சரி என்று இடப்பக்கத்தையும் மாற்ற அனுமதி கேட்டுப் போனேன். அனுமதி இல்லாமல் எதையும் தொடக்கூடாதாம். "அந்தப் பட்டை நல்லா இருக்குன்னு நாங்க கையெழுத்துப் போட்டிருக்கோம். அதை நீங்க கழட்டினா எங்க கையெழுத்தைக் கழட்டின மாதிரி," என்றார்கள். கையெழுத்துக்கு இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினேன். லாரி சாய்ந்தது.

அதில் அதிகம் கஷ்டப்பட்டவள் என் வீட்டுக்காரி. எங்கே சரக்கு ஏற்றப் போனாலும் கூட வருவாள். ஏற்றுகிறவர்களோடு பேசுவது, இறக்குகிறவர்களோடு சண்டை போடுவது, வழி கேட்பது எல்லாம் அவள் வேலை. ஓட்டுவது மட்டும்தான் என் வேலை. முன்சீட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பெஞ்சு, மேலே வழவழப்பான ரெக்சின். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சமாளித்துவிடுவேன். அவளுக்குப் பிடிக்க எதுவும் இல்லை. வண்டி கிளம்பினதும் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி, கடைசியில் கதவில் போய் ஒட்டிக்கொள்வாள்.

"ஏங்க, இது லாரியா, சறுக்கு மரமா?" என்பாள் கதவிலிருந்து.

"நீதான் ஜன்னலோரம் வேணும்னு கேப்பியே."

"ஜன்னலோரம் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியவா கேட்டேன்?"

இந்த நிலையில்தான் மறுபடியும் சோதனை வந்தது.

வண்டித் தகுதிச் சோதனை நிலையம் ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே தரையின் நடுவில், முன்வாசலிலிருந்து பின்சுவர்வரை ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இடப்பிரிவு, அந்தப் பக்கம் வலப்பிரிவு. முன்பெல்லாம் ஒரே ஆள் வண்டியைச் சுற்றிவந்து பார்ப்பாராம். ஒரே ஆள் இரண்டு பக்கமும் பார்த்தால் இரண்டையும் ஒப்பிட்டுவிடுவார், ஒப்பிட்டால் பாரபட்சம் வந்துவிடும் என்று மேலே யாரோ யோசித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து பக்கத்துக்கு ஒருவர். யாரும் கோட்டைத் தாண்டுவதில்லை. டீ வலப்பிரிவின் மூலையில் கொதிக்கும். இடப்பிரிவு ஆய்வாளருக்கு டீ வேண்டுமென்றால் கொட்டகையை விட்டு வெளியே போய், கட்டடத்தைச் சுற்றி, பின்வாசல் வழியாக வந்து குடித்துவிட்டு, வந்த வழியே திரும்புவார். மழை பெய்தால் குடை.

"கோட்டைத் தாண்டினா ரெண்டு எட்டுதானே சார்?" என்று கேட்டேன்.

"பெரியவரே, இன்னிக்கு டீக்காகத் தாண்டுவேன். நாளைக்கு அபிப்பிராயம் சொல்லத் தாண்டுவேன். அப்புறம் இதை எப்படி நிறுத்துறது?" என்றார். ஒல்லியான மனிதர். அத்தனை நடைக்கு உடம்பு எப்படி ஏறும்.

அவர் குனிந்து, அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு பித்தளைக் கோலை வைத்து அளந்தார். கோலில் மேலே ஒரு சிவப்புக்கோடு, கீழே ஒன்று. அளவு இரண்டுக்கும் நடுவில் இருந்தால் தேறியது. என் இடப்பக்கம் கீழ்க்கோட்டை மயிரிழையில் தொடாமல் நின்றது. "தேறியது," என்று சொல்லிப் பட்டைமேல் நீலப் புள்ளி வைத்தார்.

வலப்பிரிவு ஆய்வாளர் பெரிய மீசைக்காரர். அவரும் அளந்தார். வலப்பக்கம் மேல்கோட்டை மயிரிழையில் தொடாமல் நின்றது. "தேறியது." சிவப்புப் புள்ளி.

எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகவே இருந்தது. ஆனால் இன்னொரு பிரிவு இருந்தது. கொட்டகை வாசலில், மஞ்சள் கோட்டின்மேல், கால்கள் இரண்டு பக்கமும் சமமாக விழும்படி ஓர் உயரமான நாற்காலி. அதில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். நேர்நோக்குப் பிரிவு. அவர் வேலை வண்டியை நேராகப் பார்ப்பது. பின்சுவரில் வரிசையாகக் கறுப்புக் கோடுகள் கிடையாகப் போட்டிருக்கும். வண்டியின் முகடு அந்தக் கோடுகளோடு ஒத்துப்போக வேண்டும். அந்த அம்மா ஒரு கண்ணை மூடினார். பிறகு மற்றதை மூடினார்.

"சாயுது," என்றார். "தேறலை."

"அம்மா, ரெண்டு பக்கமும் தேறிருச்சே."

"தேறட்டும். யார் வேண்டாம்னாங்க? முழுசாப் பாத்தா சாயுது."

"அப்ப எந்தப் பக்கத்தை மாத்தணும்னு எழுதிக் குடுங்கம்மா, மாத்திடறேன்."

"எனக்குச் சாயுதுன்னு சொல்ல மட்டும்தான் அதிகாரம், பெரியவரே. ஏன் சாயுதுன்னு சொன்னா அது பக்கத்துக்காரங்க வேலையில தலையிடறது. நான் அப்படிப்பட்டவ இல்லை." கீழே குனிந்து மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: "கமான் பட்டைதான். ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசு. இது கூடவா தெரியாது?"

இதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. தெரியாதவர்கள் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. இடப்பிரிவு ஒல்லி டீக்குப் போகிற வழியில் என் காதருகே, "ஜோடி சேரலை, அதான்," என்றார். மீசைக்காரர் மீசைக்குள்ளேயே, "பழசைக் கழட்டிப் போட்டா சரியாயிடும், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க," என்றார். பழசு கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதைப்பற்றி அவர் வாய்திறக்கக் கூடாது. தேறிய பட்டையை நானும் தொடக் கூடாது. தொடாமல் இருந்தால் வண்டி தேறாது.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு நசுக்கு இயந்திரம் இருந்தது. மூன்று முறை தேறாத வண்டிக்கு நான்காவது முறை கிடையாது. நேரே அதன் வாய்க்குள் தள்ளிவிடுவார்கள். அன்று நாங்கள் வெளியே வரும்போது ஒரு வேனைத் தின்றுகொண்டிருந்தது. கண்ணாடி நொறுங்குகிற சத்தம் கேட்டு என் வீட்டுக்காரி லாரியின் கதவைத் தடவிக்கொடுத்தாள். குழந்தைக்குக் காதைப் பொத்துவதுபோல.

"நம்மகிட்ட இது ஒண்ணுதாங்க இருக்கு," என்றாள்.

எனக்குத் தெரியாதா? சோறும் அதுதான், வீடும் பாதி அதுதான்.

காரணம் தெரியவேண்டுமென்றால் 'சாய்வுக் காரண ஆய்வுக் குழு'வைக் கேட்கவேண்டும் என்றார்கள். கேட்டேன். குழுவில் ஒல்லியும் மீசையும் அந்த அம்மாவும்தான். கோட்டின் அந்தந்தப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, முகம் பார்க்காமல் பேசிக்கொண்டார்கள். டயர்களில் காற்றுப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. சரக்கு ஒரு பக்கமாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். வண்டி காலி. காலி இடம் ஒரு பக்கமாக அதிகம் இருக்கிறதா என்று மீசை கேட்டார். அதையும் அளந்தார்கள்.

கடைசியில் ஒல்லி கேட்டார். "வண்டியில யார் யார் வருவீங்க?"

"நானும் இவளும்."

"அம்மா எந்தப் பக்கம் உக்காருவாங்க?"

"இடப்பக்கம்."

மூன்று பேர் முகத்திலும் விளக்குப் போட்ட மாதிரி வெளிச்சம் வந்தது. தராசைக் கொண்டுவரச் சொன்னார்கள். சிமெண்ட் மூட்டை நிறுக்கிற தராசு. என் வீட்டுக்காரி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, இவங்க என்ன பண்றாங்க?"

"உன்னை நிறுக்கறாங்களாம்."

"எதுக்கு? என்னை யாராவது வாங்க வந்திருக்காங்களா?"

நிறுத்தார்கள். என்னையும் நிறுத்தார்கள். நான் எலும்பு. அவள் என்னைவிடக் கொஞ்சம் கனம். கொஞ்சம் என்றுதான் சொல்வேன், இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு மூவரும் முடிவுக்கு வந்துவிட்டார்கள். சாய்வுக்குக் காரணம் உரிமையாளரின் மனைவி. இனி அவர் சீட்டின் நடுவில் உட்காரவேண்டும்.

"அப்ப நான் இறங்கின பிறகு ஏன்யா சாயுது?" என்று அவள் கேட்டாள்.

"பழக்கம்மா," என்றார் மீசை. "பல வருஷம் நீங்க உக்காந்த பழக்கம். வண்டிக்கும் ஞாபகம் இருக்கும்ல?"

வீட்டுக்கு வந்து சமையலறையில் பாத்திரங்களை அவள் வைத்த வைப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "நானா லாரியைச் சாய்ச்சேன்? நானா? என் உடம்புல பாதி அந்த லாரியிலேயே கரைஞ்சு போச்சு. மிச்சத்தை வச்சு நான் சாய்ச்சேனா?" இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு இல்லை. மூன்றாம் நாள் உப்பு மட்டும்தான் இருந்தது.

இரண்டாவது சோதனைக்கு அவளை நடுவில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனேன். கொட்டகையில் இறங்கிக்கொண்டோம். லாரி ஆளில்லாமல் நின்றது. ஆளில்லாமலே சாய்ந்தது. அந்த அம்மா ஒரு கண்ணை மூடினார், பிறகு மற்றதை. "தேறலை."

இரண்டு முறை தேறாத வண்டியை வெளியே விடமாட்டார்கள். மூன்றாவது சோதனைவரை கொட்டகைக்குப் பக்கத்து வெளியில், நசுக்கு இயந்திரத்துக்கு எதிரிலேயே நிற்கவேண்டும். போகிற இடத்தை அது முன்கூட்டியே பார்த்துப் பழகட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

மச்சினன் வந்தான். கோபத்தில் இருந்தான். அவன் அக்காவைச் சிமெண்ட் தராசில் ஏற்றியது அவனுக்குத் தாங்கவில்லை.

"மச்சான், ஒரே வழிதான் இருக்கு. ரெண்டு கட்டையும் கழட்டி இடம் மாத்திப் போடுவோம். இந்தப் பக்கத்தது அந்தப் பக்கம், அந்தப் பக்கத்தது இந்தப் பக்கம். சாய்வு பட்டையோடயே போச்சுன்னா பட்டைதான் காரணம். போகாம அங்கயே நின்னா சேசிஸ் வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். எங்க அக்காதான் காரணம்னா, அக்கா இப்ப வண்டியிலேயே இல்லை."

"தேறின பட்டையைத் தொடக் கூடாதாமே."

"நாம எதையும் வெளிய எடுத்துட்டுப் போகலையே? வண்டியோடது வண்டியிலேயேதான் இருக்கு."

ஆபீஸ்காரர்கள் மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்கிற நேரம் நீளமானது. அதற்குள் அவன் ஜாக்கி வைத்து, யூ போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு கட்டையும் இடம் மாற்றிவிட்டான். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். என் வீட்டுக்காரி காவல் நின்றாள். யாராவது வந்தால் இருமுவதாக ஏற்பாடு. நாங்கள் வேலை செய்த நேரமெல்லாம் யாரும் வராமலே இருமிக்கொண்டிருந்தாள்.

ஜாக்கியை இறக்கினோம். லாரி கொஞ்சம் யோசித்தது. பிறகு வலப்பக்கம் சாய்ந்தது.

"போதுமா?" என்றான் மச்சினன், வானத்தைப் பார்த்து.

நான் உள்ளே ஓடி எல்லாரையும் கூட்டிவந்தேன். "பாருங்க சார், பட்டையை மாத்தினோம், சாய்வும் கூடவே மாறிருச்சு. இப்பவாவது எழுதுங்க."

யாரும் சாய்வைப் பார்க்கவில்லை. ஒல்லி இடப்பக்கம் குனிந்தார். "என் பட்டையைக் காணோம்! இங்க சிவப்புப் புள்ளி இருக்கு!" அந்தப் பக்கம் குனிந்த மீசை, "என் பட்டை போச்சு! இங்க எதுவோ நீலப் புள்ளி!" என்று அலறினார். இரண்டு பேரும் தனித்தனியாகத் திருட்டுப் புகார் கொடுத்தார்கள். வண்டிக்கு இந்தப் பக்கமிருந்து ஒருவரும் அந்தப் பக்கமிருந்து ஒருவருமாக, ஒருவர் தேடிக்கொண்டிருந்ததன் முன்னால் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார்.

"சார், உங்க பட்டை அவர்கிட்ட இருக்கு, அவரோடது உங்ககிட்ட இருக்கு," என்றேன்.

"அப்படின்னா திருடினவர் அவரா?" என்றார் ஒல்லி.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து பாருங்களேன்."

"எப்படி வர்றது? கோடு வெளியிலயும் உண்டு பெரியவரே. போடலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?"

விஷயம் நிலையத்தின் இயக்குநர்வரை போனது. மறுநாள் காலை மூன்றாவது சோதனை என்று ஆணை வந்தது. நசுக்கு இயந்திரத்துக்கு எண்ணெய் போட ஓர் ஆள் வந்தான். அவன் என் லாரியின் நீள அகலத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டுப் போனான்.

இயக்குநர் வந்தார். நல்ல வெள்ளை முடி, நல்ல குரல். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஆபீஸில் ஒருவன் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதனால் அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"பெரியவரே, உங்க வண்டிக்குப் பட்டை ஜோடி சேரலை. அதான் சாயுது."

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "இதைத்தானே சார் நானும் சொல்றேன்! எழுதிடுங்க!"

"உக்காருங்க. எழுத முடியாது." நிதானமாக விரல்களைக் கோத்துக்கொண்டார். "எழுதினா, ஜோடி எப்படித் தப்பிச்சுன்னு கேப்பாங்க. போன வருஷம் ஒரு பக்கம் மட்டும் மாத்தச் சொன்னது நாங்க. கீழ என் கையெழுத்து இருக்கு. இடப்பக்கம் நல்லா இருக்குன்னு ஒரு கையெழுத்து. வலப்பக்கம் நல்லா இருக்குன்னு ஒரு கையெழுத்து. சாயுதுன்னு அந்த அம்மா கையெழுத்து. இந்த நிலையத்துல கையெழுத்து எதுவும் தப்பாப் போனதில்லை. நான் வந்ததுக்கப்புறம் ஒண்ணுகூட இல்லை. நான் ஓய்வுபெற்றுப் போறவரைக்கும் போகவும் கூடாது."

"அப்ப என் லாரியை நசுக்கப் போறீங்களா?"

"சேச்சே. ரெண்டு பக்கமும் தேறின வண்டியை நசுக்கினா அதுவும் கையெழுத்துக்கு விரோதம்." கண்ணை மூடி யோசித்தார். ரொம்ப நேரம். தூங்கிவிட்டாரோ என்று நான் லேசாகச் செருமினேன். கண்ணைத் திறந்தார்.

"பெரியவரே, தரைக்கு யார் கையெழுத்துப் போட்டாங்க?"

"எந்தத் தரைக்கு?"

"கொட்டகைத் தரைக்கு."

எனக்கு என்ன தெரியும்? விசாரித்தார்கள். தரைக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. தரைக்கென்று ஒரு பிரிவே இல்லை. அது பாட்டுக்குக் கிடந்தது. இடம் சரி, வலம் சரி, பார்த்த கண்ணும் சரி. அப்படியானால் தவறு செய்திருக்கக்கூடியது கையெழுத்தில்லாமல் கிடக்கிற அந்த ஒன்றுதான். லாரி சாயவில்லை, தரைதான் சாய்ந்திருக்கிறது என்று முடிவானது. அந்தத் தரையில் ரசமட்டத்தை வைத்துக் காட்டினேன். குமிழி நடுவில் நின்றது. "குமிழிக்கு யார் தகுதி குடுத்தா?" என்று மீசை கேட்டார்.

மூன்றாவது சோதனையைத் தள்ளிவைத்தார்கள். கொத்தனார்கள் வந்தார்கள். கோட்டுக்கு வலப்பக்கத்துத் தரையை என் லாரி சாய்ந்திருந்த அளவுக்குச் சரிவாக உயர்த்திச் சிமெண்ட் போட்டார்கள். அளவு எடுக்க என் லாரியைத்தான் நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். அது அப்படியொரு மரியாதையைப் பார்த்ததில்லை. வலப்பிரிவு உயர்ந்துவிட்டது, தான் தாழ்ந்துவிட்டேன் என்று ஒல்லி முறையிட்டார். அவருடைய நாற்காலிக்குத் தடித்த மெத்தை கொடுத்துச் சமாதானப்படுத்தினார்கள்.

புதுத் தரைக்கு ரிப்பன் வெட்டினார்கள். இயக்குநர் பேசினார்.

"இந்த நிலையம் எதையும் மூடி மறைப்பதில்லை. நம்மிடமே ஒரு குறை இருந்தது. நம் காலடியிலேயே இருந்தது. நாம் அஞ்சவில்லை. வண்டியைத் தரைக்கு ஏற்ப மாற்றுவது பழைய முறை. தரையை வண்டிக்கு ஏற்ப மாற்றியிருக்கிறோம். இதில் எங்கள் ஊழியர் யாருடைய தவறும் இல்லை என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே நாங்கள் உறுதிசெய்துகொண்டோம்."

கைதட்டினார்கள். என் லாரியை உள்ளே விட்டேன். சாய்ந்த தரையில் சாய்ந்த லாரி, பின்சுவர்க் கோடுகளோடு கோடாக நின்றது. பட்டைகளை எல்லார் முன்னிலையிலும் "மீட்டு", கழற்றாமலேயே, நீலப் புள்ளிமேல் சிவப்பும் சிவப்புப் புள்ளிமேல் நீலமும் பூசிவிட்டார்கள். அந்த அம்மா ஒரு கண்ணை மூடினார். மற்றதையும் மூடினார். அன்றைக்கு மட்டும் இரண்டையும் சேர்த்து மூடிக்கொண்டார் என்று என் வீட்டுக்காரி சத்தியம் செய்கிறாள்.

"தேறியது."

வெளியே நசுக்கு இயந்திரம் எண்ணெய் வழிய நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் வரும்போது நான் ஹாரன் அடித்தேன். நன்றாக அழுத்தியே அடித்தேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன்.

எனக்கு அடுத்து உள்ளே போனது ஒரு பால் வண்டி. எந்தக் குறையும் இல்லாத நேரான வண்டி. அது அந்தத் தரையில் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. தேறலை. அதற்கடுத்தது ஒரு மண் லாரி. அதுவும் தேறலை. பால் வண்டிக்காரர் பிடரியைச் சொறிந்துகொண்டே வெளியே வந்து, என் லாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, உள்ள கேட்டா உங்க வண்டி மாதிரி வச்சுக்கச் சொல்றாங்க. உங்க வண்டி எப்படி?"

சொன்னேன். மச்சினன் பட்டறையில் அன்றைக்குச் சாயங்காலமே கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லாருக்கும் இடப்பக்கம் புதுசும் வலப்பக்கம் பழசும் வேண்டும். பட்டறைக்குப் பின்னால் துருப்பிடித்துக் குவிந்துகிடந்த பழைய பட்டைகளுக்கு அப்படியொரு யோகம் வந்தது. "மச்சான், ஜோடி சேக்கறதுதான் என் தொழில்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றான் அவன் தலையில் அடித்துக்கொண்டு.

நான் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, யாரிடமும் அனுமதி கேட்காமல், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புதுக் கட்டுகள் போட்டேன். வண்டி மேசைமாதிரி நின்றது. பழைய கட்டைத் தூக்கி எறியவில்லை. சாக்கில் சுற்றி வீட்டின் பின்புறம் வைத்திருக்கிறேன். வருஷம் திரும்பி, சோதனைக்கு முந்தின நாள் வந்தால் அதை எடுத்து வலப்பக்கம் மாட்டுவோம். தேறியதும் திரும்பவந்து கழற்றுவோம்.

சோதனை நாளில் அந்தச் சாலையைப் பார்க்கவேண்டும். லாரிகளும் வேன்களும் வரிசையாக, எல்லாமே வலப்பக்கம் சாய்ந்துகொண்டு ஊர்ந்து போகும். தெரியாதவர்கள் எதிரில் வந்தால் ஸ்டியரிங்கை ஒடித்து ஒதுங்கிவிடுவார்கள். கொட்டகைக்குள் நுழைந்ததும் ஒவ்வொன்றும் நிமிர்ந்து நிற்கும். இயக்குநர் வாசலில் நின்றுகொண்டு, "பாத்தீங்களா? நம்ம முறை வந்ததுக்கப்புறம் ஊர்ல ஒரு வண்டிகூடச் சாயறதில்லை," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். ஒல்லி வெயிலில் கட்டடத்தைச் சுற்றி டீக்கு நடந்துகொண்டிருப்பார்.

இந்த வருஷம் மச்சினனே வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருவதாகச் சொன்னான். "வெயில்ல அக்காவை எதுக்கு அலைய வைக்கறீங்க?"

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல சேலை கட்டிக்கொண்டு, எனக்கு முன்னாலேயே வண்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"உன்னை யாரும் இன்னொரு தடவை நிறுக்கப்போறதில்லை. நீ எதுக்கு வர்றே?" என்றேன்.

"ஏன், நான் வந்தா வண்டி சாயுமா?"

வண்டியைக் கிளப்பினேன். இப்போது அது என் பக்கம் சாய்கிற வண்டி. முதல் திருப்பத்தில் பெஞ்சில் பாதி தூரம் வழுக்கி வந்தாள். சோதனை நிலையத்துச் சாலையில் திரும்பும்போது முழுக்க வந்து என் தோளில் இடித்து நின்றாள். பிடித்துக்கொள்ள அந்தப் பக்கம் கதவில் ஒரு கைப்பிடி போட்டுக் கொடுத்திருந்தேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தள்ளி உக்காரு. ரோட்டுல எல்லாரும் பாக்கறாங்க," என்றேன்.

"பாத்தா பாக்கட்டும். நான் என்ன பண்றது? சட்டம்," என்றாள், முன்னால் பார்த்தபடி.